மகளின் போனைப் பீரோவில் பூட்டிவிட்டேன், சரிதானா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் பத்தாம் வகுப்பு. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. போனைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பையனோடு பேச்சு. தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் "இன்ஸ்டா பாஸ்வேர்டு குடு, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவன் கேட்டிருக்கிறான், இவளும் கொடுத்திருக்கிறாள். போன் இப்போது பீரோவில். மூன்று நாளாக மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. செய்தது சரியா, இந்த வயதுப் பிள்ளைகள் போனில் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

பள்ளிகளில் ஆலோசகராகப் பல வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பற்றி வரும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், போன்தான் அந்தப் பையனைக் கொண்டுவந்தது என்ற எண்ணத்தை விடுங்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2015-ல் 13 முதல் 17 வயது வரையிலான 1,060 பேரிடம் இதைப் பற்றியே கேட்டது. காதல் அனுபவம் உண்டு என்றவர்கள் 35 சதவீதம். இணையத்தில் முதன்முதலாகச் சந்தித்த ஒருவரோடு பழகியவர்கள், கேட்கப்பட்ட மொத்தப் பேரில் 8 சதவீதம்தான். வேறு நாட்டுக் கணக்கு, பழைய கணக்கும்கூட. ஆனாலும் என்னிடம் வந்த பிள்ளைகள் சொன்னதும் இதுதான்: டியூஷன், 7:40 பஸ், பக்கத்துத் தெரு, சித்தி பெண் கல்யாணம். பார்த்தது அங்கே. போனுக்கு வேலை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

அந்த வேலை எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கும். ஃபாலோ ரிக்வெஸ்ட் போகும். ஏற்றுக்கொண்டால் ஒரு வாரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒருநாள், மூன்று வருடத்துக்கு முன்னால் போட்ட பழைய போட்டோ ஒன்றுக்கு லைக் விழும். "உன் பக்கத்தைக் கடைசி வரைக்கும் பார்த்தேன்" என்பதற்கு அதுதான் சாட்சி. தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பவும் வழி உண்டு. அடுத்தது ரீல்ஸ். இரண்டு பேரும் ஒரு வரிகூட எழுதாமல் மாதக்கணக்கில் ரீல்ஸ் மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எதை அனுப்பினான், எந்த நேரத்தில் அனுப்பினான், அதற்கு அவள் போட்ட எமோஜி எது என்பதெல்லாம் சேர்ந்துதான் பேச்சு. பியூ ஆய்விலும், பிடித்திருப்பதைத் தெரிவிக்க நட்பு அழைப்பு அனுப்பியவர்கள் 50 சதவீதம், லைக் கமெண்ட் மூலம் தெரிவித்தவர்கள் 47 சதவீதம். நேரில் பேசிச் சொன்னவர்கள் 55 சதவீதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டேட்டஸ் இன்னும் நுட்பமானது. பாட்டின் இரண்டு வரி, மழை பெய்யும் ஜன்னல், கீழே ஒற்றைப் புள்ளி. நூற்றைம்பது பேர் பார்ப்பார்கள், புரிய வேண்டியது ஒருவருக்கு. நம் சங்க காலக் காதல் பாடல்களான அகப்பாடல்களின் கீழே "தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவிக்குச் சொல்லியது" என்று, யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னது எனக் காட்டும் துறைக் குறிப்பு இருக்கும், நினைவிருக்கிறதா? வேலிக்கு அப்பால் அவன் நிற்பது தெரிந்தே, வேறு யாரிடமோ பேசுவதுபோல் அவனுக்குச் சொல்வது. ஸ்டேட்டஸ் வைக்கும் பிள்ளைக்கு அந்தக் குறிப்பு தெரியாது, ஆனால் செய்வது அதைத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. சிறைப்புறத்தில் நின்றவன் கேட்டானா இல்லையா என்று தலைவிக்கு நிச்சயமாகத் தெரியாது. இவளுக்குத் தெரியும். யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று பட்டியலே வந்துவிடுகிறது.

சிக்கல் எல்லாம் அந்தப் பட்டியலில் தொடங்குகிறது.

வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். உங்கள் மகள் வயதுக்காரர்களுக்கு அது இல்லாத காலமே நினைவில் இருக்காது. கடிதம் போட்டுவிட்டுப் பதில் வராவிட்டால் தபால் தாமதம், வீட்டில் யாரோ பிரித்துவிட்டார்கள் என்று நமக்கு நாமே நூறு சமாதானம் சொல்லிக்கொள்ள இடமிருந்தது. இவர்களுக்கு அது இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டது, படித்துவிட்டான், ஆன்லைனில் இருக்கிறான், பதில் மட்டும் போடவில்லை. டிக்கை ஆஃப் செய்து வைக்கலாம், கடைசியாக வந்த நேரத்தையும் மறைக்கலாம். மறைத்தால் "யாருக்காக மறைக்கிற?" என்று அடுத்த சண்டை.

ஒருமுறை பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை ஆசிரியர் என்னிடம் அனுப்பினார். வகுப்பில் தூங்குகிறான், மதிப்பெண் சரிந்துவிட்டது. பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தான். நான்கு நாளைக்கு அவள் ஆன்லைனில் வந்த நேரம், போன நேரம், தனக்குக் கடைசியாக மெசேஜ் போட்ட நேரம். ஒரு வரிசையில் 10:10, 11:40 என்று எழுதிச் சிவப்பு மையில் வட்டம். "எனக்கு குட் நைட் சொன்னது பத்து பத்துக்கு மிஸ். பதினொன்னு நாப்பது வரைக்கும் ஆன்லைன்ல இருந்திருக்கா. அந்த ஒன்றரை மணி நேரம் யார்கூட?" அவள் அக்காவோடு பேசியிருக்கலாம், படம் பார்த்திருக்கலாம், இவனைப் பற்றியே தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். அவனுக்கு அது எதுவும் தோன்றவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்ப அவனும் தூங்காமல் இருந்திருக்கிறான் என்பதுதான் எனக்குப் பட்டது. கெட்ட பையன் இல்லை. அதைக் காதல் என்றே நம்பினான்.

பியூ கணக்கில் இதற்கும் எண் உண்டு. காதல் அனுபவம் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது பேச்சு வர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அதற்குள்ளேயே 35 சதவீதம் பேருக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டும், 11 சதவீதம் பேருக்கு மணிக்கு ஒருமுறை. எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய், என்ன செய்கிறாய் என்று தினமும் பலமுறை துருவித் துருவிக் கேட்கப்பட்டவர்கள் 31 சதவீதம்.

இப்போது பாஸ்வேர்டுக்கு வருவோம். உங்கள் மகள் அதைக் கொடுத்தது முட்டாள்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். அன்பு இருந்தால் போனைக் காட்டணும், ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் பாஸ்வேர்டு கொடுக்கணும் என்பதை அவள் எங்கே கற்றாள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், வீட்டில்தான். "உன்மேல் அக்கறை இருக்கிறதால்தானே பார்க்கிறேன்" என்று நாம் சொல்கிறோம். அதே வாக்கியத்தை அந்தப் பையன் சொன்னபோது அவளுக்கு அது புதிதாகவோ, உறுத்தலாகவோ இருக்கவில்லை. என்னிடம் வந்த பெண்களில் பலர், "அவன் ரொம்ப பொசசிவ் மிஸ்" என்று புகாராகச் சொன்னதே இல்லை, பெருமையாகத்தான் சொன்னார்கள். டிபியை மாற்றச் சொல்கிறான், பையன்களை எல்லாம் அன்ஃபாலோ பண்ணச் சொல்கிறான், வீடியோ கால் போட்டு அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறான். "என்மேல அவ்ளோ பாசம்."

அதனால் இந்த விஷயத்தில் நான் பயப்படுவது காதலைக் கண்டு அல்ல. கண்காணிப்பையே அன்பு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டுதான். பீரோவில் பூட்டிய போன் அந்தப் பாடத்தை இன்னொருமுறை நடத்துகிறது. முன்பு அவன் பறித்தான், இப்போது நீங்கள். உங்களை அவனோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். அவள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்கிறேன்.

பறிப்பதால் பேச்சு நிற்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அம்மாவின் போனில் பையன் எண்ணை "கெமிஸ்ட்ரி திவ்யா" என்று சேமித்துவைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தோழி போனில் இரண்டாவது கணக்கு, விளையாட்டு ஆப்புக்குள் இருக்கும் சாட், குரூப் ஸ்டடிக்குத் திறந்த ஆவணத்திலேயே ஓரத்தில் எழுதிக்கொள்வது என்று வழிகள் ஏராளம். வாட்ஸ்அப்பிலேயே தானாக அழியும் மெசேஜ் 2020-ல் வந்தது, ஒருமுறை மட்டும் பார்க்கும் படம் 2021-ல், சாட்டைத் தனியாகப் பூட்டும் வசதி 2023-ல். துப்பறியும் பெற்றோர் எப்போதும் ஒரு அப்டேட் பின்னால்தான் இருப்பார்கள். நானும் இருந்திருக்கிறேன், எனக்கும் ஒரு மகன் உண்டு.

பறிப்பு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதினரிடம் ஏசர் 2023 என்ற கல்வி நிலை ஆய்வு எடுத்த கணக்கில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேரிடம் சொந்தமாகப் போன் இருந்தது, பெண்களில் 19.8 சதவீதம் பேரிடம்தான். காதல் விவகாரம் தெரிந்தால் பெண்ணின் போன் போகும், சில வீடுகளில் பள்ளிக்கூடமே போகும். பையனுக்கு இரண்டு அடி, மறுநாள் போன் திரும்பக் கையில். ஒரு பெண் எதையும் வீட்டில் சொல்லாததற்கு இந்தக் கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதே முக்கால்வாசிக் காரணம்.

போனால் நல்லது ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. நேரில் வாய் திறக்காத பிள்ளை எழுத்தில் பேசும். "எனக்குப் பிடிக்கல, இனிமே வராத" என்பதை நேரில் சொல்லப் பயந்த பெண் மெசேஜில் சொல்லி, தோழிகள் குரூப்பில் அதைப் போட்டு, நான்கு பேர் துணையோடு வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறேன். பியூ ஆய்வில் காதல் அனுபவமும் சமூக ஊடகக் கணக்கும் உள்ளவர்களில் 59 சதவீதம் பேர், துணையின் வாழ்க்கையோடு நெருக்கமாக இருப்பதாக உணர்ந்தோம் என்றார்கள். பொறாமையோ நிச்சயமின்மையோ வந்தது என்றவர்கள் 27 சதவீதம். இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஒரே நாளில் வரும் என்பது என் அனுபவம்.

பிரிவுதான் மோசம். முன்பெல்லாம் பள்ளி மாறினால், தெரு மாறினால் ஆள் கண்ணில் படாது. இப்போது பிளாக் செய்தாலும் வகுப்பு குரூப்பில் அவன் இருப்பான், பொது நண்பனின் ஸ்டோரியில் ஓரமாக நிற்பான். போன வருடம் இதே நாள் என்று போனே ஒரு படத்தை எடுத்து நீட்டும். பிளாக் பண்ணுவது, எடுப்பது, ஃபேக் ஐடியில் போய்ப் பார்ப்பது, மறுபடி பிளாக். பாஸ்வேர்டு கைமாறியிருந்தால் இதில் விஷம் ஏறும். அவள் பெயரில் அவள் தோழிகளுக்கு அவன் மெசேஜ் போடுவான். அதனால் சண்டையை ஒருபக்கம் வைத்துவிட்டு, இன்றைக்கே அவளோடு உட்கார்ந்து இன்ஸ்டா பாஸ்வேர்டை மாற்றுங்கள். எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று செட்டிங்ஸில் காட்டும், தெரியாததை எல்லாம் வெளியேற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "லிங்க்ட் டிவைசஸ்" பகுதியையும் பாருங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். புதுப் பாஸ்வேர்டை அவள் டைப் செய்யும்போது நீங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அந்த ஒரு செயலை அவள் கவனிப்பாள்.

அடுத்தது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் மனதில் இருக்கும்: போட்டோ. ஏதாவது அனுப்பியிருப்பாளோ? இதில் சட்டம் தெரியாமல் பெற்றோரே மாட்டிக்கொள்வதால் விவரமாகச் சொல்கிறேன்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ன்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தை. விரும்பி அனுப்பினாள் என்பது கணக்கில் வராது. 18-க்குக் கீழ் உள்ள ஒருவரின் ஆபாசப் படத்தை மின்வழியில் அனுப்புவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். வைத்திருப்பதும் பார்ப்பதும் மட்டும் குற்றமல்ல என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

பெற்றோர் மாட்டுவது எங்கே தெரியுமா? ஆத்திரத்தில் மகள் போனில் இருந்த படத்தை ஆதாரம் என்று தன் போனுக்கு அனுப்பி, அங்கிருந்து மாமாவுக்கு, வகுப்பாசிரியருக்கு, பையனின் அப்பாவுக்கு அனுப்புகிறார்கள். சட்டப்படி அதுவும் பரப்புவதுதான். அந்தப் படம் அவள் கையை விட்டுப் போன தூரத்தைவிட நம் கையால் போகும் தூரம் அதிகமாகிவிடுகிறது. அப்படி ஒன்று இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். மிரட்டல் மெசேஜ், கணக்கின் பெயர், எண், நேரம் ஆகியவற்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் உதவி எண் 1930. பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் அடுத்த தொகை கேட்பார்கள். படம் வெளியே பரவும் என்ற பயம் இருந்தால், அமெரிக்காவில் 2023-ல் தொடங்கிய "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு எண் அடையாளத்தை உருவாக்கி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

பையன்களைப் பெற்றவர்களும் இதைப் படிக்கட்டும். அழகான பெண் படம் போட்ட கணக்கிலிருந்து ஹாய் வரும், வீடியோ காலுக்கு அழைக்கும், பதிவு செய்துகொண்டு பத்தே நிமிடத்தில் பணம் கேட்கும். இதில் சிக்குவது பெரும்பாலும் பையன்கள். "அப்பாக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்" என்ற ஒரே பயத்தை வைத்துத்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

கோபத்தில் பையன்மேல் போலீஸில் புகார் கொடுக்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மிரட்டல், படம், பின்தொடர்தல் இருந்தால் தயங்காதீர்கள். ஒரு பெண் வேண்டாம் என்ற பிறகும் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், அவளது இணைய நடமாட்டத்தைக் கண்காணிப்பதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம்தான். வெறும் பேச்சுக்காக என்றால் வேண்டாம். பதின்வயதுக் காதலில் இருக்கும் பையனைக் குற்றவாளியாக்குவது போக்சோவின் நோக்கமே அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு வழக்கை ரத்து செய்தபோது சொன்னது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்க அந்தப் பிள்ளைகள் உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. வழக்கில் உங்கள் மகளும் மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம் என்று அலைய வேண்டியிருக்கும்.

இன்ஸ்டாவில் பதின்வயதினருக்கான தனிக் கணக்கு இந்தியாவுக்கு 2025-ல் வந்தது. தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு பத்து முதல் காலை ஏழு வரை நோட்டிஃபிகேஷன் வராது, 16-க்குக் கீழே என்றால் இதைத் தளர்த்த உங்கள் அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடுதான். கணக்கு தொடங்கும்போது 2001-ல் பிறந்தேன் என்று போட்டிருந்தால் ஒன்றும் வேலை செய்யாது, அதை முதலில் பாருங்கள்.

சரி, போனை என்ன செய்வது? திருப்பிக் கொடுங்கள். பப்ளிக் எக்ஸாம் வருடம், ராத்திரி தூக்கம் முக்கியம், அதனால் பத்தரைக்கு மேல் போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். உங்கள் போனும், அவள் அப்பா போனும் அதே பிளக்பாயிண்ட் பக்கத்தில். அது இல்லாமல் இந்த விதி ஒரு வாரம் தாங்காது. படித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் கேளுங்கள், தோன்றாவிட்டால் நடிக்க வேண்டாம். "உன் பேச்சைப் படிச்சேன், பயந்துட்டேன், அதான் புடுங்கினேன்" என்பதே போதும். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அவன் பாஸ்வேர்டு கேட்டப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" பதில் வராது. தோளைக் குலுக்குவாள். விடுங்கள், தோசை ஊற்றப் போங்கள்.

பையன் யார், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்பதெல்லாம் இன்றைக்கு வேண்டாம். நான்கு நாளோ நாற்பது நாளோ கழித்து, நீங்கள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் உட்காருவாள். பெயர் சொல்ல மாட்டாள். "எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு இருக்கா, அவளுக்கு ஒரு பிரச்சனைம்மா" என்றுதான் தொடங்குவாள். அந்தப் பெண் யார் என்று கேட்காமல், மடிப்பதை நிறுத்தாமல், கேட்டுக்கொண்டிருங்கள்.